அலை உடையும் கரையில் கயாக்: வாசகர் கேள்வி பதில்

கடற்கரையிலிருந்து மீன்பிடி கயாக் (துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய சிறு படகு) இறக்குவது பற்றி வந்த கேள்விகளில், புதிதாகத் தொடங்குபவர்களுக்குப் பயன்படுபவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். பதில்கள் எல்லாம் மேல்தளத்தில் அமர்ந்து ஓட்டும் கயாக்குக்கானவை. உள்ளே கால் நீட்டி அமரும் வகை கவிழ்ந்தால் தண்ணீர் நிரம்பிவிடும். அதை வைத்துக்கொண்டு அலைக் கரையில் பழகத் தொடங்க வேண்டாம்.

கேள்வி: ஏரியில் ஓராண்டாக ஓட்டுகிறேன். கடலில் இதுதான் முதல் முறை. இன்று இறங்கலாமா வேண்டாமா என்பதைக் கரையில் நின்றபடி எப்படி முடிவு செய்வது?

பதில்: வண்டியிலிருந்து கயாக்கை அவிழ்க்கும் முன் இருபது நிமிடம் கடலைப் பாருங்கள். அலைகள் ஒரே அளவில் வருவதில்லை. கொஞ்ச நேரம் சிறியவை வரும், பிறகு பெரியவை நாலைந்து அடுத்தடுத்து வரும், மறுபடி அடங்கும். இரண்டு நிமிடம் மட்டும் பார்த்தவர் அடங்கிய நேரத்தை மட்டுமே பார்த்திருக்கக்கூடும். பெரிய அலைக் கூட்டம் ஒன்று போனதும் கடிகாரத்தைப் பார்த்து, அடுத்த கூட்டம் எத்தனை விநாடி கழித்து வருகிறது என்று குறியுங்கள். மூன்று நான்கு முறை குறித்தால் ஒரு பிடி கிடைக்கும்.

அடுத்து, அலை உடையும் பகுதி எவ்வளவு அகலம் என்று பாருங்கள். புதியவர் எதிர்வரும் நீரில் விநாடிக்கு ஒரு மீட்டர் போனாலே நல்ல வேகம். அகலம் 40 மீட்டர் என்றால் 40 விநாடி, ஏறி உட்கார இன்னொரு 10 விநாடி. அலை அடங்கும் இடைவெளி ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருந்தால் அன்றைக்குக் கரையிலிருந்தே தூண்டில் போடுங்கள்.

உயரத்தைப் பொறுத்தவரை, முதல் பத்துப் பதினைந்து முறைக்கு உடையும் அலை முழங்காலைத் தாண்டக்கூடாது. வானிலை முன்னறிவிப்பில் வரும் அலை உயரத்தை அப்படியே நம்ப வேண்டாம். அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்துக் கணக்கிட்ட சராசரி அது. அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உயர அலையும் அவ்வப்போது வரும். உயரத்துக்குப் பக்கத்தில் விநாடிக் கணக்கில் ஓர் எண் இருக்கும், அதைப் பலர் பார்ப்பதே இல்லை. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் உள்ள நேரம் அது. அரை மீட்டர் அலை 5 விநாடிக்கு ஒன்று வந்தால் வெறும் சலசலப்பு. அதே அரை மீட்டர் 13 விநாடிக்கு ஒன்று வந்தால், தொலைவிலிருந்து வரும் கனத்த அலை என்று பொருள். கரையை நெருங்கும்போது அது நிமிர்ந்து எழும்.

கரையின் சரிவும் முக்கியம். செங்குத்தாக இறங்கும் கரையில் அலை காலடியில் வந்து மொத்தமாகக் கவிழ்ந்து விழும். கழுத்தும் தோளும் அடிபடுவது இங்கேதான். சரிவு மெல்ல இறங்கும் கரையில் அலை நுரையாகச் சரிந்து நெடுந்தூரம் வந்து தளரும். பழக ஏற்றது இந்தக் கரைதான். உடையும் இடத்தில் ஆழம் ஏறக்குறைய அலை உயரத்தின் 1.3 மடங்கு இருக்கும். ஏற்றவற்றத்தோடு இந்த ஆழம் மாறுவதால் உடையும் இடமும் நகரும். காலையில் சாதுவாக இருந்த அதே கரை, நீங்கள் திரும்பும்போது வேறொன்றாக இருக்கலாம். எனவே கிளம்பும் நேரத்துக்கு மட்டுமல்ல, திரும்பும் நேரத்துக்கும் ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தள்ளிக்கொண்டு போகும்போதே கயாக் குறுக்கே திரும்பி முழங்காலில் இடித்துவிட்டது. என்ன தவறு செய்தேன்?

பதில்: இரண்டு தவறுகள் நடந்திருக்க வேண்டும். அணியம், அதாவது முன்முனை, அலைக்கு நேராக இல்லை. நீங்களும் கயாக்குக்கும் கரைக்கும் நடுவில் நின்றிருக்கிறீர்கள். காலியான மீன்பிடி கயாக்கே 30 முதல் 40 கிலோ இருக்கும். அதை அலை தூக்கி எறியும்போது கையால் தடுக்க முடியாது. கரைப்பக்கம் ஒருபோதும் நிற்காதீர்கள், கயாக் குறுக்கே திரும்பிய நொடியில் கடல் பக்கம் வந்துவிடுங்கள். இதைத் தோழர்கள் ஒருவருக்கொருவர் கத்திச் சொல்லியாவது பழக்கிக்கொள்ள வேண்டும்.

இறக்கும் முறை இது. கரையிலேயே எல்லாப் பொருளையும் கட்டி முடித்து, அணியம் கடலைப் பார்க்க, நீர் வந்து தொடும் இடம் வரை கொண்டுவாருங்கள். இருக்கைக்குப் பக்கவாட்டில் நின்று, ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் துடுப்பையும் பிடித்து, முழங்கால் ஆழம் வரை நடத்திச் செல்லுங்கள். பெரிய கூட்டம் வரும்போது அங்கேயே நின்று, ஒவ்வொரு அலைக்கும் அணியத்தைத் தூக்கிக் கொடுத்தபடி காத்திருங்கள். கூட்டத்தின் கடைசி அலை உங்களைக் கடந்ததும் முதலில் இருக்கையில் உட்காருங்கள். கால்களை அப்புறம் உள்ளே இழுத்துக்கொள்ளலாம். உட்கார்ந்த கையோடு துடுப்புப் போடத் தொடங்க வேண்டும். கால்பலகையைச் சரிசெய்வது, தொப்பியை இழுத்துவிடுவது எல்லாம் அலையைத் தாண்டிய பிறகு.

நுரை எதிரே வரும்போது பயத்தில் துடுப்பை உயர்த்திப் பின்னால் சாய்வதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்வது. அப்போது அணியம் மேலே எழும்பி, அலை கயாக்கைப் பின்னுக்குத் தள்ளிக் குறுக்கே திருப்பிவிடும். முன்னால் குனிந்து, துடுப்பின் இலை நீருக்குள் இருக்கும்படி, நுரை அணியத்தில் மோதும் அதே நொடியில் ஓர் அழுத்தமான இழுப்பு. தாண்டியவுடன் அடுத்தது. கடைசியாக உடையும் கோட்டைத் தாண்டியும் ஒரு முப்பது மீட்டர் போன பிறகுதான் மூச்சு வாங்க நிற்கலாம்.

கேள்வி: தூண்டில் கம்புகளை எங்கே வைப்பது? போன முறை இரண்டு உடைந்தன.

பதில்: நிறுத்தி வைக்கும் குழாயில் இருந்திருக்கும். அலை உடையும் பகுதியில் எந்தக் கம்பும் நிமிர்ந்து நிற்கக்கூடாது. கயாக் உருண்டால் முதலில் தரையில் குத்துவது அதன் நுனிதான். கயாக்கின் வயிற்றுக்குள் கம்பு செருக வழி இருந்தால் அதுவே நல்ல இடம். இல்லையென்றால் இரண்டாகப் பிரித்து, மேல்தளத்தில் படுக்கவைத்து, குறைந்தது இரண்டு இடத்தில் பட்டையால் இறுக்குங்கள். ரீலுக்கு உறை போடுங்கள், மணல் புகுந்தால் பல்சக்கரம் கெடும். கொக்கிகளையும் போலி மீன்களையும் கம்பிலேயே தொங்கவிடாதீர்கள். கவிழும்போது நீங்களும் அவற்றோடுதான் விழுவீர்கள்.

துடுப்பையும் சாமான்களையும் கயாக்கோடு இணைக்கும் பிணைக்கயிறு வெளிக்கடலில் நல்ல துணை. அலைக்குள் நீளமாகத் தொங்கும் கயிறு காலையும் கழுத்தையும் சுற்றும். எனவே துடுப்புக் கயிற்றைக்கூடக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டு, தாண்டிய பின் மாட்டுங்கள். நங்கூரமும் அதன் கயிறும் மூடியுள்ள அறைக்குள் இருக்கட்டும்.

கேள்வி: ஒரே ஓர் இடத்தில் அலை உடையாமல் அமைதியாக இருக்கிறது. அதன் வழியாகப் போனால் சுலபமில்லையா?

பதில்: அந்த அமைதிக்குக் காரணம் ஆழம். அலைகள் கரைக்குக் கொண்டுவந்து கொட்டிய நீரெல்லாம் ஒரு பள்ளத்தின் வழியாகக் கடலுக்குத் திரும்பும் ஓட்டம் அது. நீர் கருத்திருக்கும், நுரையும் கலங்கிய மணலும் கடலை நோக்கி நகரும். சாதாரண நாளில் மெதுவாக இழுக்கும். கடுமையான நாளில் விநாடிக்கு 2 மீட்டரைக்கூடத் தாண்டும். அந்த வேகத்தை எதிர்த்து நீந்த யாராலும் ஆகாது. பழகியவர்கள் வெளியே போக அதைப் பயன்படுத்துவது உண்மை. அலை முழங்காலுக்குக் கீழே இருக்கும் நாளில், துணைக்கு ஒருவர் இருக்கும்போது, அதன் ஓரமாக நீங்களும் போய்ப் பார்க்கலாம். ஆனால் திரும்பி வர அந்த வழி வேண்டாம், ஓட்டம் முழுக்க உங்களுக்கு எதிராக இருக்கும்.

அதில் கயாக் இல்லாமல் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி மல்லுக்கட்டாதீர்கள். மிதந்தபடி கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகருங்கள். அலை உடையும் இடத்துக்கு வந்தால் அலையே கரைக்குத் தள்ளும்.

கேள்வி: நன்றாக நீந்துவேன். லைஃப் ஜாக்கெட் அவசியமா?

பதில்: அவசியம். துடுப்போ கயாக்கோ தலையில் பட்டு மயங்கியவருக்கு நீச்சல் தெரிந்து பயனில்லை. துடுப்பு வீச வசதியாக, கைக்குழி அகன்ற, நுரைப்பஞ்சு அடைத்த, 50 நியூட்டன் மிதவிசை கொண்ட வகை போதும். ஆனால் அது மயங்கியவரை முகம் மேலே வரும்படி திருப்பாது. துணைக்கு ஒருவர் வேண்டும் என்று சொல்வது அதனால்தான். காற்று நிரம்பும் வகை அலைக்கரைக்கு வேண்டாம். போட்டுக்கொண்டபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். காதுவரை ஏறினால் பட்டை தளர்ந்திருக்கிறது. விசில் ஒன்றை அதிலேயே கட்டுங்கள். கைப்பேசியும் வானொலிக் கருவியும் உடம்பில் இருக்க வேண்டும், கயாக்கில் அல்ல. கடலில் பேசப் பயன்படும் விஎச்எஃப் வானொலிக் கருவியில் ஆபத்து அழைப்புக்கு 16ஆம் அலைவரிசை.

கேள்வி: காலையில் கண்ணாடி மாதிரி இருந்த கடலில் திரும்பி வரவே முடியாமல் போய்விட்டது. ஏன்?

பதில்: கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்று. அதிகாலையில் தரை குளிர்ந்திருக்கும்போது இது வீசும். கரையோரம் அலையை அமுக்கிவிடுவதால் எல்லாம் சாந்தமாகத் தெரியும். கரையின் மேடும் மரங்களும் கொஞ்ச தூரத்துக்குக் காற்றை மறைக்கும். ஓரிரு கிலோமீட்டர் போனபின் முழு வேகமும் முதுகில் விழும், நீங்களும் நன்றாக ஓட்டுவதாக நினைத்துக்கொள்வீர்கள். புதியவருக்கு, கடலை நோக்கி வீசும் காற்று 5 நாட் வேகத்தை (மணிக்கு ஏறக்குறைய 9 கிலோமீட்டர்) தாண்டினால் இறங்கும் நாள் அல்ல. கரையை நோக்கி வீசுவது 10 நாட் வரை தாங்கலாம், ஆனால் அது அலையை எழுப்பும். கிளம்பியதும் முதல் வேலையாக ஒருமுறை திரும்பி, கரையை நோக்கி ஐம்பது மீட்டர் ஓட்டிப் பாருங்கள். எவ்வளவு சிரமம் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

கேள்வி: திரும்பும்போது கயாக் பக்கவாட்டில் தள்ளாடுகிறது. உள்ளே தண்ணீர் குலுங்கும் சத்தம் கேட்கிறது.

பதில்: முதலில் பின்னால் உள்ள வடிதுளையின் அடைப்பானைப் பாருங்கள், மறந்திருப்பீர்கள். அது சரியென்றால் மூடிகளின் ரப்பர் வளையம், கம்புக் குழாய்களின் திருகுகள், மேல்தளத்திலிருந்து அடிவரை போகும் நீர்த்துளைகளின் சுவர். அந்தத் துளைக்குள் செருகும் வகைச் சக்கரவண்டியில் பாரம் ஏற்றி இழுத்தால் சுவர் விரிசல் விடும். 30 லிட்டர் புகுந்தால் 30 கிலோ. கயாக் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே அந்த நீரும் ஓடி, சாய்வை அதிகமாக்கும். அந்த நிலையில் அலைக்குள் நுழையாதீர்கள், வெளியே நின்று கைப்பம்பால் இறைத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: பெடல் கயாக் வாங்கலாமா?

பதில்: மீன்பிடிக்க அருமை. ஆனால் அலைக்கரையில் பெடல் பாகமும் சுக்கானும் மேலே தூக்கியிருக்க வேண்டும், இல்லையேல் தரையில் மோதி உடையும். அலைக்குள் போகவும் வரவும் துடுப்புத்தான். அதனால் முதலில் துடுப்பைக் கற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கவிழ்ந்தால் மறுபடி ஏறுவது எப்படி?

பதில்: கடலுக்குப் போகும் முன் அமைதியான நீரில் பத்து முறையாவது செய்து பார்த்திருக்க வேண்டும். குப்புறக் கிடக்கும் கயாக்கின் அடிப்புறத்தின் மேல் எட்டி, எதிர்ப்பக்க விளிம்பையோ கைப்பிடியையோ பிடித்துப் பின்னால் சாய்ந்தால் புரண்டுவிடும். அப்புறம் இருக்கைக்கு நேராக வந்து, உடம்பு நீர்மட்டத்தில் கிடைமட்டமாகும்வரை காலை உதைத்து, வயிறு மேல்தளத்தில் படும்படி ஏறுங்கள். மல்லாந்து திரும்பி இருக்கையில் உட்காருங்கள், கால்கள் கடைசியில். நேராக நின்ற நிலையில் கையால் மட்டும் உந்த நினைத்தால் கயாக் மறுபடி தலைமேல் கவிழும். வெளிக்கடலில் கயாக்கை ஒருபோதும் விட்டு நீந்தாதீர்கள். அலை உடையும் பகுதிக்குள் என்றால் அதை விட்டுவிடுங்கள், அலை கரை சேர்த்துவிடும்.

கேள்வி: வெளியே போவதைவிடக் கரையேறுவதுதான் பயமாக இருக்கிறது.

பதில்: பயம் சரியானதே. கடலிலிருந்து பார்த்தால் அலையின் முதுகுதான் தெரியும், அதனால் எல்லாம் சிறியதாகத் தோன்றும். உடையும் கோட்டுக்கு வெளியே நின்று கம்பு, பெட்டி, கயிறு எல்லாவற்றையும் மறுபடி கட்டுங்கள். மீனையும் கனமான சாமான்களையும் அமரப் பக்கம், அதாவது பின்முனைக்கு, நகர்த்துங்கள். அணியம் கனத்தால் அலை பின்னாலிருந்து தள்ளும்போது மூக்கு நீருக்குள் குத்தி, கயாக் தலைகுப்புறப் புரளும்.

பெரிய கூட்டம் கடந்ததும், அதன் கடைசி அலையின் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு வேகமாக வாருங்கள். அதை முந்தக்கூடாது. முன்னே போய்விடுவோம் என்று தோன்றினால் பின்நோக்கித் துடுப்புப் போட்டு அலையை அடியில் போகவிடுங்கள். பின்னாலிருந்து ஒன்று பிடித்து, கயாக் குறுக்கே திரும்பிவிட்டதா? அலை வரும் பக்கமாகவே சாய்ந்து, துடுப்பின் இலையை அந்த நுரையின் மேல் ஊன்றுங்கள். உடம்பு கரைப் பக்கம் சாயச் சொல்லும், கேட்காதீர்கள். சாய்ந்தால் கவிழ்வீர்கள், கயாக்கும் உங்கள் மேல் வரும். முழங்கால் ஆழம் வந்ததும் கடல் பக்கமாக இறங்கி, கைப்பிடியைப் பிடித்து, அடுத்த அலை வருவதற்குள் மேட்டுக்கு இழுத்துவிடுங்கள்.

முதல் சில நாள்களில் தூண்டில் சாமான் எதுவும் இல்லாமல், காலிக் கயாக்கோடு இதை மட்டும் இருபது தடவை போய்வந்து பழகுங்கள். கம்பையும் பெட்டியையும் அதற்குப் பிறகு ஏற்றலாம்.