முதலாளி வைத்த ஆஷ்ட்ரே

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் பன்னிரண்டு அறைகள் உள்ள விருந்தினர் விடுதியொன்றின் வரவேற்பில் வேலை செய்கிறேன். இப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. சுற்றுலாப் பயணிகள் என் மேசைக்கு முன்னாலேயே இருந்து சிகரெட் பிடிக்கிறார்கள். முதலாளியிடம் சொன்னால், "வெள்ளைக்காரரை நாங்கள் எப்படிப் பிள்ளை தடுக்கிறது? கடற்கரைப் பக்கம்தானே, காத்து அள்ளிக்கொண்டு போயிடும்" என்கிறார். பொது இடத்தில் புகைக்கத் தடை என்பது பெயருக்குத்தானா?

பதில்: சகோதரி, பெயருக்கு இல்லை. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின், அதாவது புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டத்தின், 39ஆம் பிரிவை உங்கள் முதலாளி ஒருதரம் வாசிக்கட்டும். மூடிய பொது இடத்தில் புகைப்பது மட்டும் குற்றமல்ல, புகைக்க விடுவதும் குற்றம். ஆகவே வெள்ளைக்காரரோடு நீங்கள் மல்லுக்கட்டத் தேவையில்லை. தடுக்கவேண்டிய பொறுப்பு முதலாளியின் தலையில் இருக்கிறது.

அவர் "ஹோட்டலுக்கு விலக்கு இருக்கு" என்று சொல்லக்கூடும். இருக்கிறதுதான். ஆனால் தங்குமிடங்களில் அது முப்பது அறைகளுக்குக் குறையாதவற்றுக்கு மட்டும். அங்கேயும் புகைப்பதற்கென ஓரிடத்தைத் தனியாக ஒதுக்கவேண்டும், வரவேற்பு மேசையடியில் அல்ல. பன்னிரண்டு அறைக்காரர் அந்தக் கதையை எடுக்கவே முடியாது.

ஒன்றில் மட்டும் கவனம். கூரையும் சுவரும் உள்ள வரவேற்பறையைப் பற்றி மட்டும் முறையிடுங்கள். கடலைப் பார்த்த திறந்த விறாந்தையையும் மணலில் போட்ட கதிரைகளையும் சேர்த்தால் "அது மூடிய இடமா" என்ற வாதத்திலேயே உங்கள் வழக்கு இழுபடும். திறந்த கடற்கரை இந்தத் தடைக்குள் வராது. பிள்ளைகள் விளையாடும் கடற்கரைக்கும் தடை வேண்டும் என்பது என் சொந்த அபிப்பிராயம், ஆனால் அதை வைத்து இன்று முறைப்பாடு எழுத முடியாது.

முதலில் முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். திகதி போட்டு, கர்ப்பிணி என்பதையும் குறிப்பிட்டு, பதிவுத் தபாலில் அனுப்பிப் பிரதியை வைத்திருங்கள். மேசையில் ஆஷ்ட்ரே இருந்தால் அதைப் படமெடுங்கள். விருந்தினரின் முகம் வேண்டாம். ஆஷ்ட்ரே வாங்கி வைத்தவர் "எனக்குத் தெரியாது" என்று சொல்வது கஷ்டம். கடிதத்துக்கு அசையாவிட்டால் உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பி.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம்) எழுத்தில் முறையிடுங்கள். பொலிசுக்கும் போகலாம், ஆனால் என் அனுபவத்தில் இந்த விஷயத்துக்குப் பி.எச்.ஐ.தான் கெதியாக வருவார். வழக்கு நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். அதைத் தொடுப்பது அதிகாரிகளின் வேலை, உங்களுக்குச் சட்டத்தரணிச் செலவு இல்லை.

வேலை போய்விடுமோ என்ற பயம் நீங்கள் எழுதாமலே தெரிகிறது. கர்ப்பத்தைக் காரணம் காட்டி நிறுத்த முடியாது. வேறு சாட்டுச் சொல்லி நிறுத்தினாலும் தொழில் நியாயசபை இருக்கிறது. நியமனக் கடிதம் தரவில்லையென்றால் சம்பளச் சிட்டை, ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) பதிவு, வரவுப் புத்தகத்தின் படம், எது கிடைத்தாலும் முறைப்பாட்டுக்கு முன்னரே வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துவிடுங்கள்.