மீன் செத்ததுக்கு அப்புறம் வர்றவருக்கு ஏன் பதில் சொல்றோம்?

மீன் தொட்டி கேள்வி பதில்

இந்தத் தடவை வந்த கேள்விகள்ல பாதி மீனைப் பத்தியே இல்ல, மீன் வளக்குறவங்களைப் பத்தி. அதனால பாசி, வெள்ளைப்புள்ளி நோய் எல்லாத்தையும் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: சார், நான் 12 வருஷமா மீன் வளக்குறேன். ஆன்லைன் குரூப்ல புதுசா வர்றவங்களுக்கு பதில் போடுறது பழக்கமாயிருச்சு. போன வாரம் ஒருத்தர் மீனெல்லாம் மேல வந்து வாயை வாயைத் திறக்குதுன்னு கேட்டார். டேங்க் வெச்சு எத்தனை நாளாச்சுன்னேன், தண்ணி சுத்தமா இருக்குன்னார். டெஸ்ட் பண்ணிப் பாத்தீங்களான்னேன், கண்ணாடி மாதிரி இருக்குன்னார். 14 மெசேஜ் போனப்புறம்தான் விஷயம் வெளிய வருது, டேங்க் வெச்சு 3 நாள்தான் ஆகுது, 40 லிட்டர்ல 8 கோல்டு ஃபிஷ். உடனே பாதித் தண்ணியை மாத்துங்கன்னா, அதெல்லாம் வேணாம் மருந்து பேரு மட்டும் சொல்லுங்கங்கிறார். "உங்களுக்கு என்ன சம்பளமா குடுக்குறாங்க?"ன்னு வீட்ல கேக்குறாங்க. எனக்கே பதில் தெரியல. ஏன் சார் இதைப் பண்றோம்?

பதில்: முதல்ல அந்த 14 மெசேஜுக்கு ஒரு கும்பிடு. எனக்கெல்லாம் 6-லயே கை நடுங்க ஆரம்பிச்சிருக்கும்.

ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா, தண்ணி சுத்தமா இருக்குன்னு அவர் சொன்னது பொய் இல்ல. மீன் கழிவுலயும் மிச்சத் தீனியிலயும் இருந்து வர்ற அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது, அவர் கண்ணுக்கு அது குடிக்கலாம் போல இருக்குற தண்ணிதான். அந்த அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட் ஆக்கணும், அதுவும் விஷம், இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கணும், அதுக்கப்புறம்தான் மீன் ஓரளவு தாங்கும், இந்தக் கூட்டம் ஃபில்டர்ல குடியேறி வேலைக்கு வர்றதுக்கு பொதுவா 4-ல இருந்து 6 வாரம் ஆகும். இதைத்தான் நாம டேங்க் சைக்கிள் ஆகுறதுன்னு சர்வசாதாரணமா சொல்லிட்டுப் போறோம். புது ஆளுக்கு சைக்கிள்னா ரெண்டு சக்கரம்தான்.

1990-ல ஸ்டான்ஃபோர்டுல எலிசபெத் நியூட்டன்னு ஒரு ஆராய்ச்சி மாணவி ஒரு சோதனை பண்ணாங்க. எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டை ஒருத்தர் மேஜை மேல விரலால தட்டணும், எதிர்ல இருக்குறவர் என்ன பாட்டுன்னு கண்டுபிடிக்கணும். தட்டுனவங்க, பாதிப் பேராவது கண்டுபிடிச்சிருவாங்கன்னு நெனச்சாங்க. 120 பாட்டுல கண்டுபிடிச்சது 3. தட்டுறவன் மனசுக்குள்ள பாட்டு முழுசா ஓடுது, கேக்குறவனுக்கு வெறும் டொக் டொக். டெஸ்ட் பண்ணீங்களான்னு நீங்க கேட்டப்போ உங்களுக்குள்ள 12 வருஷம் ஓடிட்டு இருந்துச்சு, அவருக்கு டொக் டொக்.

சரி, ஏன் பண்றோம்? நான் ஏன் பண்றேன்னு மட்டும் சொல்றேன். நான் மீன் வளக்க ஆரம்பிச்ச 5-வது மாசம், ஒரு லீவு நாள்ல டேங்கை பளிச்சுன்னு ஆக்கணும்னு உக்காந்தேன். ஃபில்டர் ஸ்பாஞ்ச் பழுப்பா வழவழன்னு இருந்துச்சு, குழாயைத் திறந்து விட்டு பிழிஞ்சு பிழிஞ்சு, தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் கழுவுனேன். என்னா திருப்தி! அடுத்த 4 நாள்ல ஒண்ணு ஒண்ணா 7 மீன் போச்சு. நான் குரூப்ல போய் என்ன கேட்டேன்னு நெனைக்கிறீங்க? "நல்ல மீன் தீனி எது?" ஆமா, தீனிதான் காரணம்னு முடிவே பண்ணிட்டேன். ஒரு பெரியவர், முகம் கூட தெரியாது, தீனியைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. "கடைசியா ஃபில்டரை எப்பப்பா கழுவுன, எந்தத் தண்ணியில?"ன்னு மட்டும் கேட்டார். அந்த பழுப்பு வழவழப்புலதான் பாக்டீரியா இருந்துச்சு, குழாய்த் தண்ணியில இருக்குற குளோரினால அதுல பெரும்பகுதியை நானே கொன்னுட்டேன், டேங்க்ல இருந்து எடுத்த தண்ணியில லேசா அலசி வெச்சிருந்தா போதும். இதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல நான் ரெண்டு நாள் அவர்கிட்ட வாதம் வேற பண்ணேன், சுத்தம் பண்ணா எப்படிங்க சாகும்னு. அந்த மெசேஜையெல்லாம் இப்போ படிச்சா காது சூடாகுது.

உங்க 40 லிட்டர் ஆளு எழுதுறதைப் படிக்கிறப்போ எனக்கு என் எழுத்து மாதிரியே இருக்கு, அவ்வளவுதான் சார். வீட்ல கேட்டா, பழைய கடன்னு சொல்லிப் பாருங்க. நம்ப மாட்டாங்க, ஆனா அதுக்கு மேல கேக்க மாட்டாங்க.

கேள்வி: தினம் அதே கேள்வி, தினம் அதே பதில். ஏற்கனவே 100 தடவை சொன்னதைத் தேடிப் படிக்கச் சொன்னா திமிர்ங்கிறாங்க. தேடுறதுக்கு என்ன கேடு?

பதில்: தேடுறதுக்கு வார்த்தை வேணுமே. அம்மோனியாங்கிற வார்த்தை தெரிஞ்சவன் தேடிக்குவான், "மீன் ஒரு மாதிரியா இருக்கு"ன்னு மட்டும் தெரிஞ்சவன் எதைப் போட்டு தேடுவான்? அந்த வார்த்தையைக் குடுக்குறதுதான் நம்ம வேலை. முழுசா திரும்ப எழுத வேணாம், ஒரு வரியில வார்த்தையைச் சொல்லி பழைய பதிலை கைகாட்டி விடுங்க. வெறுமனே போய் தேடுன்னு சொல்றதுக்கும் இதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு.

இன்னொண்ணு, கேட்டவர் ஒருத்தர்தான், படிக்கிறவங்க ஒருத்தர் இல்ல. வெப்சைட்டுகளை ஜனங்க எப்படி பயன்படுத்துறாங்கன்னு ஆராயுற ஜேக்கப் நீல்சன் 2006-ல இதை 90-9-1ன்னு ஒரு கணக்கா எழுதினார், ஆன்லைன்ல 100 பேர் இருந்தா 90 பேர் சும்மா படிப்பாங்க, 9 பேர் எப்பவாவது எழுதுவாங்க, மிச்சம் ஒருத்தர்தான் பெரும்பாலும் எழுதிட்டே இருப்பார். தோராயக் கணக்குதான், எல்லா இடத்துலயும் அப்படியேதான் இருக்கும்னு இல்ல. ஆனா என் அனுபவத்துல சரியா வருது. கேட்ட ஆளு கண்டுக்காம போய்ட்டார்னு நான் நொந்துக்கிட்ட ஒரு பதிலுக்கு 8 மாசம் கழிச்சு யாரோ ஒருத்தர் வந்து, இதைப் படிச்சுத்தான் மீன் வாங்காம 5 வாரம் காலி டேங்கைப் பாத்துட்டு உக்காந்திருந்தேன்னு எழுதினார். காலி டேங்கை 5 வாரம்! அவர் அதுக்கு முன்னாடி ஒரு வரி கூட எங்கயும் எழுதினது இல்ல.

கேள்வி: உண்மையைச் சொல்லுங்க, இதெல்லாம் நாலு பேர் முன்னாடி பெரிய ஆளுன்னு காட்டிக்கத்தானே?

பதில்: கொஞ்சம் இருக்கு. இல்லன்னு சொன்னா நீங்க நம்ப வேணாம். ஆனா பெருமைக்குன்னு போன இடத்துல அசிங்கப்பட்டதும் உண்டு. ஒரு சின்னப் பையன், "அண்ணா, என் டேங்க்லயும் ஃப்ரெண்டு டேங்க்லயும் டெஸ்ட் கிட்ல ஒரே அம்மோனியா அளவுதான் காட்டுது, அவன் மீன் நல்லா இருக்கு, என் மீன் மட்டும் ஏன் சாகுது?"ன்னான். சரியா டெஸ்ட் பண்ணுடான்னு விரட்டி விட்டேன். விட்டானா, மூணு தடவை போட்டோ போட்டான். அப்புறம் நானே போய்ப் படிச்சா, அம்மோனியா தண்ணியில ரெண்டு உருவத்துல இருக்குமாம், ஒண்ணுதான் கடும் விஷம், பிஹெச், அதாவது தண்ணி அமிலமா காரமான்னு காட்டுற அளவு, 7-ல இருந்து 8-க்குப் போனா அந்த விஷப் பங்கு சுமார் 10 மடங்கு ஆகுது, தண்ணி சூடானாலும் ஏறும். சாதா டெஸ்ட் கிட் ரெண்டையும் சேத்துத்தான் காட்டும். அத்தனை வருஷம் மீன் வளத்தும் எனக்கு இது தெரியாது, அந்தப் பையன் தொல்லை பண்ணலன்னா இன்னைக்கும் தெரிஞ்சிருக்காது.

கேள்வி: எப்போ நிறுத்திக்கலாம்?

பதில்: அவர் பதில் தேடல, தலையாட்டுறதுக்கு ஆள் தேடுறார்னு தெரிஞ்ச உடனே. 3 பேர் வேணாம்னு சொன்னப்புறமும் 4-வது ஆளுகிட்ட அதையே கேப்பார். அவர்கிட்ட சொல்ல வேண்டியதை ஒரு தடவை தெளிவா எழுதிட்டு எந்திரிச்சுப் போய் உங்க டேங்கைப் பாருங்க. ராத்திரி 11 மணிக்கு மேல யாருக்கும் பதில் போடாதீங்க, அந்த நேரத்துல நம்ம வாய் நம்ம பேச்சைக் கேக்காது.

கேள்வி: நான் புதுசு சார். குரூப்ல ஒரு கேள்வி கேட்டேன், ஒருத்தர் நல்லா திட்டிட்டார். திரும்பக் கேக்கவே பயமா இருக்கு.

பதில்: கேளுங்கம்மா, தாராளமா கேளுங்க. திட்டுனவருக்கு அன்னைக்கு எத்தனாவது ஆளு நீங்களோ. கேக்குறப்போ டேங்க் எத்தனை லிட்டர், வெச்சு எத்தனை நாள், எத்தனை மீன், கடைசியா எப்போ எவ்வளவு தண்ணி மாத்துனீங்க, டெஸ்ட் பண்ணியிருந்தா என்ன நம்பர், இதை மட்டும் முதல்லயே போட்டுருங்க, பாதிப் பேரோட கோவம் அங்கயே இறங்கிரும். என்ன தப்பு பண்ணீங்கன்னு மறைக்காதீங்க, அங்க இருக்குற எல்லாரும் மீனைக் கொன்னுட்டு வந்தவங்கதான்.

அப்புறம் ரெண்டு நாள் கழிச்சு மீன் பொழச்சுதா இல்லையான்னு ஒரு வரி வந்து சொல்லிட்டுப் போங்க. நன்றி கூட வேணாம், அதுதான் வேணும். முதல் கேள்வி கேட்டவருக்கு அந்த 8 கோல்டு ஃபிஷ் என்னாச்சுன்னு இதுவரைக்கும் தகவல் இல்ல, தினமும் குரூப்பைத் திறந்து பாத்துட்டு இருக்காராம்.