எட்டுப் பக்கத்துக்கு மட்டும் ஈயம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

அம்பாசமுத்திரத்திலிருந்து எழுதுகிறேன். ஒன்பது மாதம் உழைத்து, இசட்80 என்ற பழைய செயலிச் சில்லை வைத்து நானே ஒரு கணினி கட்டியிருக்கிறேன். 32 கிலோபைட் ரோம் (அழியாத நினைவகம்), 32 கிலோபைட் ரேம் (மாற்றி எழுதக்கூடிய நினைவகம்), ஒரு சீரியல் போர்ட், ஒரு மெமரி கார்டு. மடிக்கணினியில் ஒரு சிறிய இயங்குதளக் கருனியை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, அசெம்பிள் செய்து (எழுதிய கட்டளைகளைச் சில்லுக்குப் புரியும் பைட்டுகளாக மாற்றி) ரோமில் ஏற்றினால் நன்றாக ஓடுகிறது. அதே கருனியை அந்தக் கணினியிலேயே அசெம்பிள் செய்ய ஆசை. ஆனால் மூலநிரலே 60 கிலோபைட். ரேமில் அடங்கவில்லை. ரேமை 512 கிலோபைட்டாக மாற்றிவிடலாமா? 'கருனி' என்பது சரியான சொல்தானா, 'கர்னல்' என்றே எழுதலாமா? நண்பர்கள் இதை வெட்டிவேலை என்கிறார்கள். மடிக்கணினி இருக்கும்போது இது தேவையா என்று எனக்கும் சில நாள் தோன்றுகிறது.

அன்புள்ள தம்பி,

நண்பர்களை விடுங்கள். சொல் எதுவானாலும் எனக்குச் சம்மதம். கருனி என்று நீங்கள் தொடங்கிவிட்டதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

ரேமை மாற்றலாமா என்று கேட்ட இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. யூனிக்ஸ் என்ற இயங்குதளம் 1971 வாக்கில் பிடிபி-11 கணினியில் ஓடியபோது அதன் மொத்த நினைவகம் 24 கிலோபைட். அதில் 16 இயங்குதளத்துக்கு, மிச்சம் 8 பயனரின் நிரல்களுக்கு. உங்களிடம் அதைவிட 8 கிலோபைட் கூடுதலாகவே இருக்கிறது. ஒன்பது மாதம் கம்பி கம்பியாக இழுத்து இணைத்தவர், ஓர் அசெம்பிளர் முரண்டு பிடித்தவுடன் பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடலாமா? இசட்80க்கு இருப்பது, நினைவகத்தில் எந்த இடம் என்று சுட்டும் 16 முகவரிக் கம்பிகள். 64 கிலோபைட்டுக்கு மேல் அதன் கண்ணுக்கு எட்டாது. 512 கிலோபைட்டை மாட்டினால் அதைத் துண்டு துண்டாக மாற்றிக் காட்ட இன்னொரு சுற்றமைப்பு வேண்டும், அதை ஆள நிரலும் வேண்டும். கருனி வேலை அப்படியே கிடக்கும்.

மூலநிரல் முழுவதும் ஒரே நேரத்தில் ரேமில் இருக்க வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது?

என் அப்பா ஈய எழுத்துகளைக் கோக்கும் கம்பாசிட்டர். திருநெல்வேலி டவுனில், ரத வீதியை ஒட்டிய ஒரு சந்துக்குள் இருந்த சின்ன அச்சகம். கொடை நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, எப்போதாவது ஒரு புத்தகம். புத்தகம் முழுவதையும் கோக்கிற அளவுக்கு அங்கே ஈய எழுத்து கிடையாது. எட்டுப் பக்கம் கோத்தால் 'க'வும் 'து'வும் தீர்ந்துவிடும். அந்த எட்டை அச்சடித்து, மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, எழுத்துகளைப் பிரித்து அதனதன் அறையில் போட்ட பிறகுதான் அடுத்த எட்டு. பள்ளிவிட்டு வந்து பிரித்துப் போடுவது என் வேலை. ஈயத்தில் எழுத்து இடவலம் மாறித் தெரியும். நான் ஒவ்வொன்றாக முகத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பேன். அப்பா பார்க்கமாட்டார். எழுத்துக்கட்டையின் உடம்பில் இருக்கும் சிறு பள்ளத்தைக் கட்டைவிரலால் தடவியே நேராக நிறுத்திவிடுவார்.

அவருக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு குயர் நோட்டு இருக்கும். இடப்பக்கம் தலைப்பு, வலப்பக்கம் பக்க எண். அவ்வளவுதான். புத்தகத்தின் ஈயமெல்லாம் கலைந்து அறைகளுக்குத் திரும்பியிருக்கும். ஆனால் எந்த அத்தியாயம் எங்கே தொடங்குகிறது என்று அந்த நோட்டுக்குத் தெரியும். பொருளடக்கத்தைக் கடைசியில் அதைப் பார்த்துத்தான் கோப்பார்.

உங்கள் அசெம்பிளர் செய்ய வேண்டியதும் அதுதான். கார்டிலிருந்து ஒரு வரியைப் படி, எத்தனை பைட் என்று எண்ணு, நிரலில் ஓர் இடத்துக்கு நீங்கள் வைத்த பெயர் வந்தால் அதன் முகவரியைக் குறித்துக்கொள், வரியை மறந்துவிடு. இது முதல் சுற்று. இரண்டாம் சுற்றில் மறுபடி முதல் வரியிலிருந்து படித்து, பைட்டுகளைக் கார்டிலேயே எழுது. ரேமில் தங்குவது நோட்டு மட்டும். பெயருக்கு 6 எழுத்து, முகவரிக்கு 2 பைட் என்றால் 500 பெயர்களுக்கு 4000 பைட். உங்கள் கருனியில் 500 பெயர்கள் இருக்காது.

இனி நான் சொல்வதை இரண்டு முறை படியுங்கள். மாவட்டத்துக் கோயில்களைப் பற்றிய ஒரு புத்தகம். பொருளடக்கத்துக்கு 2 பக்கம் என்று ஒதுக்கி, முதல் எட்டுப் பக்கத்தை மட்டும் நிறுத்திவைத்து, 9ஆம் பக்கம் முதல் அனைத்தும் அச்சாகிவிட்டது. அப்போது ஆசிரியர் வந்து உட்தலைப்புகளும் வேண்டும் என்றார். நாலு வரி மிஞ்சியது. ஒரு பக்கத்தைக் கூட்டினால் அச்சாகிக் கிடக்கிற ஒவ்வொரு பக்க எண்ணும் பொய். அப்பா விடிய விடிய உட்கார்ந்து அந்த 2 பக்கத்தையும் சிறிய எழுத்தில் மறுபடி கோத்தார். இடத்தைக் கூட்டவில்லை.

நான் என் கணினிக்கு அசெம்பிளர் எழுதியபோது இதை மறந்தேன். இசட்80இல் முழு முகவரிக்குத் தாவும் கட்டளை 3 பைட். பக்கத்திலேயே தாவும் கட்டளை 2 பைட். எது போதுமோ அதை அசெம்பிளரே தேர்ந்துகொள்ளட்டும் என்று விட்டேன். முன்னே வரப்போகும் பெயரின் முகவரி முதல் சுற்றில் தெரியாது. அதனால் 3 பைட் என்று எண்ணியது. இரண்டாம் சுற்றில் தெரிந்துவிட்டது, அருகில்தானே என்று 2 பைட்டைப் போட்டது. அதற்குப் பின்னால் இருந்த அத்தனையும் ஒரு பைட் முன்னால் நகர்ந்துவிட்டன. நோட்டில் பழைய எண். கருனி ஒரு கட்டளையின் நடுவில் போய் விழுந்து செத்தது. மூன்று இரவு நான் மின்னிணைப்பைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். எனவே, தம்பி, முதல் சுற்றில் எத்தனை பைட் ஒதுக்கினீர்களோ இரண்டாம் சுற்றிலும் அத்தனைதான். சுருக்க வேண்டுமென்றால் மூலநிரலில் உங்கள் கையால் சுருக்குங்கள்.

கருனிக்கும் இதே கண்டிப்பு வேண்டும். கேரி கில்டால் எழுதிய சிபி/எம் என்ற பழைய இயங்குதளத்தில் எந்த நிரலும் கருனியை அழைக்க 5ஆம் முகவரிக்குப் போனால் போதும். அங்கே இருப்பது 3 பைட்: தாவல் கட்டளையான சி3, பிறகு முகவரியின் கீழ்ப்பாதி, பிறகு மேல்பாதி. கருனி எங்கே உட்கார்ந்திருந்தாலும் அந்த மூன்றும் வழிகாட்டிவிடும். உங்கள் ரேம் பதினாறடிமானத்தில் (16ஐ அடியாகக் கொண்ட எண் முறையில்) 8000இல் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். கருனியை அங்கே ஏற்றுவதானால் முதல் 48 பைட்டை 16 தாவல் கட்டளைகளுக்கு ஒதுக்குங்கள். இப்போது நாலுதான் தேவை என்றாலும் 16 ஒதுக்குங்கள். நிரல்கள் அந்த இடங்களையே அழைக்கட்டும், கருனி உள்ளே மாறினாலும் அவை நகராது.

தேவையா என்று கேட்டிருந்தீர்கள். 1969இல், யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் அதன் முதல் நிரல்களை வேறொரு பெரிய கணினியில் அசெம்பிள் செய்து, துளையிட்ட காகிதச் சுருளாகப் பிடிபி-7 என்ற சிறிய கணினிக்குச் சுமந்து வந்தார். கருனியும் எடிட்டரும் அசெம்பிளரும் பிடிபி-7இலேயே ஓடத் தொடங்கியதும் சுருள் சுமப்பது நின்றது. உங்கள் மடிக்கணினி இப்போது அந்தப் பெரிய கணினியின் இடத்தில் இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செங்கோட்டையிலிருந்து வரும் ரயிலில் ஏறி வாருங்கள். பலகையை மட்டும் அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தால் போதும், 5 வோல்ட் இணைப்பு என்னிடம் இருக்கிறது. அப்பாவின் நோட்டு ஒன்றையும் தேடி எடுத்து வைக்கிறேன்.