ஆம்ப்ளிபயருக்கு எந்த பவர் சப்ளை? வாசகர் கேள்விகளும் பதில்களும்

செந்தூல் வாசகர்: எல்எம்3886 ஐசியில் இரண்டு சேனல் ஆம்ப்ளிபயர் கட்டுகிறேன். ஸ்பீக்கர் 8 ஓம்ஸ். ஜாலான் பாசாரில் 30-0-30 டொராய்டு (வளைய வடிவ) டிரான்ஸ்பார்மர் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா, ஐயா?

பதில்: வேண்டாம். 30-0-30 என்றால் நடுக்கம்பிக்கு இரு பக்கமும் 30 வோல்ட். டிரான்ஸ்பார்மரின் மேல் அச்சிட்டிருக்கும் அந்த 30 வோல்ட் என்பது முழுச் சுமையில் கிடைக்கும் ஏசி அளவு. அதை டிசியாக மாற்றினால் 1.414 மடங்காகி, டயோடுகளில் போவது போக ஏறத்தாழ 41 வோல்ட் நிற்கும். பாட்டு ஓடாத நேரத்தில், சுமையில்லாத டிரான்ஸ்பார்மர் இன்னும் 5 முதல் 8 விழுக்காடு வரை கூடுதலாகக் கொடுக்கும். போதாக்குறைக்கு, 2008 முதல் மலேசியாவின் மின்னழுத்தம் 230 வோல்ட் என்று அறிவிக்கப்பட்டிருந்தாலும், பழைய 240 வோல்ட்டையே பல வீடுகளின் பிளக்கில் மல்டிமீட்டர் காட்டுகிறது. மேலே 10 விழுக்காடு வரை விதியும் இடம் கொடுக்கிறது. இவை எல்லாம் சேர்ந்தால் ஒவ்வொரு பக்கமும் 46 வோல்ட்டை நெருங்கிவிடும். சிக்னல் இருக்கும்போது இந்த ஐசி தாங்கும் உச்ச அளவு இரு பக்கமும் சேர்த்து 84 வோல்ட், அதாவது பக்கத்துக்கு 42 தான்.

25-0-25 வாங்குங்கள். சுமையில் ±34, சும்மா இருக்கும்போது ±39 வரை வரும். 8 ஓம்ஸில் சேனலுக்கு 50 வாட் தாராளமாகக் கிடைக்கும். நாளை 4 ஓம்ஸ் ஸ்பீக்கர் மாட்டும் எண்ணம் இருந்தால் 20-0-20 போதும், ஏனெனில் அங்கே முட்டுக்கட்டை வோல்ட் அல்ல, ஐசியின் சூடு. இரண்டு சேனலுக்கும் சேர்த்து 160 முதல் 225 விஏ (வோல்ட்-ஆம்பியர், டிரான்ஸ்பார்மரின் திறன்) வரை போதுமானது. முதலில் ஐசியின் டேட்டாஷீட், அடுத்து ஸ்பீக்கரின் ஓம்ஸ், அதன் பிறகுதான் டிரான்ஸ்பார்மர் கடை.

கிள்ளான் வாசகர்: டிபிஏ3116 ஐசி உள்ள ஆம்ப்ளிபயர் போர்டுக்கு 24 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர் சரிவருமா? பழைய லேப்டாப் அடாப்டர் 19 வோல்ட் இருக்கிறது.

பதில்: இரண்டும் சரிவரும். அந்த ஐசிக்கு 26 வோல்ட் வரை அனுமதி. 19 வோல்ட்டில் 8 ஓம்ஸுக்கு 20 வாட் அளவில் கிடைக்கும்; படுக்கையறைக்கு அதுவே அதிகம். இரண்டு பின் அடாப்டராக இருந்தால் உலோகப் பெட்டியைத் தொடும்போது மெல்லச் சுருக்கென்று இருக்கலாம். மூன்று பின் அடாப்டரைத் தேடுவது நல்லது.

புக்கிட் மெர்தாஜாம் வாசகர்: டிவியுடன் இணைத்தால் உறுமல். பிளக்கில் எர்த் கம்பியைக் கழற்றியதும் நின்றுவிட்டது. இப்படியே விடலாமா, அண்ணா?

பதில்: இன்றே திரும்ப மாட்டுங்கள். டிரான்ஸ்பார்மரின் உள்ளே ஒரு சுற்று சிதைந்து உலோகப் பெட்டியில் 240 வோல்ட் ஏறினால், ஃபியூஸை எரித்து உங்களைக் காப்பது அந்த எர்த் கம்பிதான். மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறதே என்று சமாதானம் சொல்லாதீர்கள். எர்த் இல்லாத பெட்டியை நீங்கள் தொட்ட பிறகுதான் அது விழும்.

உறுமல் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். இன்புட்டை ஷார்ட் செய்து கேளுங்கள். அப்போதும் உறுமினால் கோளாறு உள்ளே இருக்கிறது. பிரிட்ஜிலிருந்து (ஏசியை டிசியாக்கும் நான்கு டயோடுகள்) கெப்பாசிட்டருக்குப் போகும் கம்பியிலேயே சிக்னல் கிரவுண்டையும் (சிக்னலின் பொதுக் கம்பி) பற்ற வைத்திருப்பீர்கள். அமைதியானால் டிவிக்கும் ஆம்ப்ளிபயருக்கும் இடையே கிரவுண்ட் லூப், அதாவது இரண்டின் கிரவுண்டும் இரண்டு வழியில் இணைந்து உருவான வளையம், இருக்கிறது என்று பொருள். பெட்டி நேராக எர்த்தில் இருக்கட்டும். சிக்னல் கிரவுண்டை மட்டும் 10 ஓம்ஸ் ரெசிஸ்டர், அதற்கு இணையாக ஒரு 35 ஆம்பியர் பிரிட்ஜ் டயோடு வழியாகப் பெட்டியுடன் இணையுங்கள்.

ரவாங் வாசகர்: என் போர்டு 3 ஆம்பியர்தான் எடுக்கும். 10 ஆம்பியர் சப்ளை கொடுத்தால் எரிந்துவிடுமா?

பதில்: எரியாது. கடையில் பத்து மூட்டை அரிசி இருக்கிறது என்பதற்காக, ஒரு கிலோ வாங்க வந்தவர் பத்து மூட்டையையும் சுமந்து செல்வதில்லை. வோல்ட் சரியாக இருக்க வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருப்பது நல்லதே.

ஆயர் ஈத்தாம் வாசகர்: எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் முறை பவர் சப்ளை) போட்டால் ஒலி செத்துவிடும். டொராய்டுதான் ஆம்ப்ளிபயருக்கு அழகு. நீங்கள் இதைச் சொல்லத் தயங்குவது ஏன்?

ஷா ஆலாம் வாசகர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் ±36 எஸ்எம்பிஎஸ் போட்டு உறுமலே இல்லாமல் கேட்கிறேன். அந்தக் கனமான இரும்பு எதற்கு?

பதில்: இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. எஸ்எம்பிஎஸ் கிலோஹெர்ட்ஸ் கணக்கில், காதுக்கு எட்டாத அலைவெண்ணில் வேலை செய்வதால் 100 ஹெர்ட்ஸ் உறுமல் அதில் ஏறத்தாழ இல்லை, வோல்ட்டும் அசையாது. ஆனால் பாஸ் அடியில் ஒரு நொடிக்கும் குறைவாக இரண்டு மூன்று மடங்கு மின்னோட்டம் கேட்டால், டொராய்டு முனகிக்கொண்டே கொடுத்துவிடும், மலிவான எஸ்எம்பிஎஸ்ஸோ தன் பாதுகாப்புச் சுற்று வேலை செய்து அணைந்து அணைந்து மீண்டும் ஓடும். ஸ்பீக்கரின் ஒரு முனையை மட்டும் இயக்கும் ஹாஃப் பிரிட்ஜ் கிளாஸ் டி (ஸ்விட்சிங் முறை ஆம்ப்ளிபயர்) போர்டுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு: ஆழமான பாஸில் போர்டே மின்சாரத்தைச் சப்ளைக்குத் திருப்பி அனுப்பி வோல்ட்டை ஏற்றிவிடும். ஸ்பீக்கரின் இரு முனைகளையும் இயக்கும் பிடிஎல் முறையில் இணைத்த போர்டில் இந்தத் தொல்லை வராது.

ஆயர் ஈத்தாம் வாசகர்: கணக்கு இருக்கட்டும். என் காதுக்கு வித்தியாசம் தெரிகிறதே?

பதில்: தெரியலாம். காரணம் வேறாக இருக்கக்கூடும். உங்கள் டொராய்டு சும்மா இருக்கையில் ±39இல் நிற்கிறது, ஒப்பிட்ட எஸ்எம்பிஎஸ் ±35இல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். திடீர் மேள அடியில் ஒலி சிதையத் தொடங்கும் எல்லை டொராய்டில் ஏறத்தாழ 1 டெசிபல் மேலே இருக்கும். சத்தமாக வைத்துக் கேட்பவருக்கு அது கேட்கும். இரண்டையும் ஒரே வோல்ட்டில் நிறுத்தி, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

ஷா ஆலாம் நண்பருக்கு: எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் 115/230 ஸ்விட்ச் இருந்தால், பிளக் போடும் முன் 230இல் இருக்கிறதா என்று பாருங்கள். 115இல் விட்டால் முதல் நொடியிலேயே வெடிக்கும்.

கெப்போங் வாசகர்: கெப்பாசிட்டர் எத்தனை மைக்ரோஃபாரட்? நண்பர் பக்கத்துக்கு 47,000 போடச் சொல்கிறார்.

பதில்: 50 வாட் சேனல் இரண்டுக்குப் பக்கத்துக்கு 10,000 போதும். 3 ஆம்பியர் இழுக்கும்போது அதில் உச்சமாக 3 வோல்ட் ஏற்ற இறக்கம் வரும். ஐசி அதைச் சமாளிக்கும். 47,000 போட்டால் ஆன் செய்யும் கணத்தில் பிரிட்ஜ்தான் அடி வாங்கும். நம் ஊர் வெயிலுக்கு 105 டிகிரி வகையை வாங்குங்கள், 63 வோல்ட்டாக இருக்கட்டும்.

சிரம்பான் வாசகர்: 12 ஆம்பியர் சப்ளை கொடுத்தால் போர்டு எரியுமா?

பதில்: ரவாங் வாசகருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பத்துமலை வாசகர்: கோவில் திருவிழாவுக்கு 1000 வாட் கட்ட வேண்டும்.

பதில்: கட்ட வேண்டாம். கூட்டம் நிற்கும் இடத்துக்கு ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுப்பவரை அழையுங்கள்.

பட்டர்வொர்த் வாசகர்: மூடியைத் திறந்து வைத்தால் வேலை செய்கிறது. மூடியைப் போட்டதும் டொராய்டு உறுமி ஃபியூஸ் எரிகிறது.

பதில்: டொராய்டின் நடுவில் போகும் போல்ட்டின் தலை, மூடியைத் தொடுகிறது. அடியிலும் பெட்டி, மேலேயும் பெட்டி என்றால் அந்த போல்ட்டே டிரான்ஸ்பார்மரைச் சுற்றிய ஷார்ட்டான ஒரு சுற்றாகிவிடும். போல்ட்டைக் குட்டையாக வெட்டுங்கள். எர்த்தைக் கழற்றிப் பார்க்கலாமா என்று அடுத்த கேள்வி எழுதாதீர்கள்.

செந்தூல் வாசகர்: 25-0-25 வாங்கிவிட்டேன். முதன்முதலாக ஆன் செய்வது எப்படி?

பதில்: ஸ்பீக்கரை மாட்டாமல், லைவ் கம்பியில் 60 வாட் பழைய குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைத்து ஆன் செய்யுங்கள், எல்இடி பல்பு இதற்கு உதவாது. கெப்பாசிட்டர்கள் நிறையும்போது பல்பு பளிச்சென்று எரிந்து உடனே மங்க வேண்டும். மங்காமல் நின்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கெப்பாசிட்டர்களில் வோல்ட் வடிந்ததை மல்டிமீட்டரில் பார்த்த பிறகு, முதலில் பிரிட்ஜின் நான்கு கால்களையும் அடுத்துக் கெப்பாசிட்டரின் மைனஸ் கோட்டையும் சரிபாருங்கள்.