உண்மை பேசுகிற பெண்ணுக்கு பி.ஆர். வேலை ஒத்துவருமா?

ஈரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அப்பா ஒருவர், பி.காம். கடைசி வருஷம் படிக்கும் மகளோடு என்னிடம் யோசனை கேட்க வந்திருந்தார். அவளுக்கு மக்கள் தொடர்பு (பி.ஆர்.) வேலையில், அதாவது வாடிக்கையாளர்களைப் பற்றிய செய்தி பத்திரிகைகளில் வர முயற்சி செய்யும் வேலையில், ஆசை. ஆனால் தாய்மாமா ஒத்துக்கொள்ளவில்லையாம். "அது பொய்யை ஜோடிச்சு விக்கிற தொழில். இவ, 'இந்தச் சாயம் போகுங்க'ன்னு வாங்க வந்தவங்ககிட்டயே சொல்றவ. பெரிய காலேஜ்ல எம்.பி.ஏ. சேருங்க" என்றாராம். கட்டணம் 14 லட்சம். முழுக்கக் கடன்.

சார், கடனுக்குப் பயப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. 14 லட்சத்தை 10 சதவீத வட்டியில் 10 வருஷத்தில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 18,500 ரூபாய். பி.ஆர். நிறுவனத்தில் புதிதாகச் சேர்பவளால் அதைக் கட்டிவிட்டுச் சென்னையில் வாடகையும் கொடுக்க முடியாது. இந்தக் கடன் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது மாமா சொன்னது. இந்தத் தொழிலில் தினமும் வருகிற சிக்கல் இது: புதுக் கிளினிக் திறக்கும் டாக்டர், "எல்லாப் பேப்பர்லயும் முதல் பக்கத்துல வரணும்" என்பார். "வாங்கிக் கொடுத்துடலாம்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்குபவர் மூன்றாம் மாதம் அந்த வாடிக்கையாளரை இழப்பார். ஏனென்றால் எதைப் போடுவது என்பது ஆசிரியர் கையில் இருக்கிறது. உறுதியாக வரவேண்டுமென்றால் விளம்பரம்தான் கொடுக்க வேண்டும். "திறப்பு விழா செய்தி ஆகாது, இந்த ஊரில் இதுவரை இல்லாத சிகிச்சை என்றால் மாவட்டப் பக்கத்துக்கு முயற்சி செய்யலாம்" என்று முதல் நாளே சொல்ல ஒரு ஆள் வேண்டும். சாயம் போகும் என்று சொல்கிற உங்கள் மகள் அதைத்தான் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறாள்.

அமெரிக்காவில் இந்தத் தொழிலின் முன்னோடியான ஐவி லீ 1906-லேயே, எங்கள் வேலை வெளிப்படையானது, தகவல் சரியாக இருக்கும் என்று பத்திரிகைகளுக்கு எழுதிக் கொடுத்தார். மறைத்துச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனின் பெல் பாட்டிங்கர் என்ற பி.ஆர். நிறுவனம் உதாரணம். தென்னாப்பிரிக்காவில் இனப் பகையைக் கிளறிய பிரசாரத்துக்காக 2017-ல் பிரிட்டனின் பி.ஆர். நிறுவனங்களின் சங்கம் அதை வெளியேற்றியது. அவ்வளவு பெரிய நிறுவனம் அதே மாதத்தில் திவால் நிலைக்குப் போனது.

சரி, அவள் எங்கே தொடங்குவது? யாரும் கண்டுகொள்ளாத ஒரு இடம் இருக்கிறது: தமிழ்ப் பத்திரிகைக் குறிப்பு, அதாவது செய்தியாக வரவேண்டியதை எழுதிச் செய்தியாளருக்கு அனுப்பும் தாள். மும்பையில் ஆங்கிலத்தில் தயாராகும் குறிப்பு இங்கே வார்த்தைக்கு வார்த்தை தமிழாகி வரும். முதல் பத்தி முழுக்க "முன்னணி", "புரட்சிகரமான" என்று இருக்கும். என்ன, எங்கே, எப்போது, விலை என்ன என்பது மூன்றாம் பத்தியில் ஒளிந்திருக்கும். செய்தியாளர் அதுவரை படிப்பதில்லை. அதையே நாலு வரியில், தலைப்போடு, சரிபார்த்த எண்களோடு, சந்தேகம் கேட்க ஒரு போன் நம்பரோடு எழுதத் தெரிந்தவர்கள் குறைவு. ஒரு பத்திரிகையின் கோவைப் பதிப்பில் யார் மருத்துவச் செய்திகளைப் பார்க்கிறார், மாலை எத்தனை மணிக்கு மேல் அவரைக் கூப்பிடக் கூடாது என்பதெல்லாம் எந்த எம்.பி.ஏ.விலும் வராது. சின்ன நிறுவனத்தில் ஆறு மாதம் பயிற்சியாளராக இருந்தால் வரும். பட்டயப் படிப்பு தேவைப்பட்டால் வேலையோடு அஞ்சல் வழியில் முடிக்கலாம்.

டிகிரியை முடிக்கட்டும். அதுவரை தினமும் ஒரு செய்தியை எடுத்து, அதற்கான குறிப்பை அவளே எழுதிப் பார்க்கட்டும். நேர்காணலில், "வாடிக்கையாளருக்கு எத்தனை செய்தி வரும் என்று வாக்குக் கொடுக்கிறீர்கள்?" என்று அவள் கேட்க வேண்டும். கேரண்டியாக ஒரு எண்ணைச் சொன்னால், அந்த வேலை வேண்டாம் என்று எழுந்து வந்துவிடட்டும்.