பதினாறாம் நாளுக்குப் பிறகு

அன்புள்ள ஐயா,

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியையாக இருக்கிறேன். வயது 49. கணவருக்கு பெக்டரியில் வேலை. மாரடைப்பில் போய் 14 மாதமாகிறது. தோட்டத்துக் குவாட்டர்ஸை விட்டு டவுனில் வாடகைக்கு வந்துவிட்டேன். மகள் கம்பஸ் போய்விட்டாள். பெக்டரிச் சங்கு ஊதினால் ரேடியோவைக் கூட்டி வைக்கிறேன். அந்த ரோட்டால் போகாமல் சுற்றிப் போகிறேன். அவருடைய ஈ.பி.எப். படிவம் இன்னும் நிரப்பாமல் அலுமாரியில் கிடக்கிறது. அவரோடு நானும் போயிருக்கலாம் என்று சில நேரம் தோன்றும். டாக்டர் உளவளத்துணைக்கு, அதாவது கவுன்சிலிங்குக்கு, போகச் சொல்கிறார். சொந்தக்காரர்கள், 'உனக்கென்ன பைத்தியமா?' என்கிறார்கள். நம் சனத்துக்கு ஒப்பாரியும் கருமாதியும் இல்லையா? பேசினால் போனவர் வருவாரா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள டீச்சர்,

போனவர் வரமாட்டார். ஆனாலும் நீங்கள் உளவளத்துணைக்குப் போக வேண்டும் என்றே சொல்வேன்.

ஒப்பாரியை நானும் குறைத்துச் சொல்லமாட்டேன். மாசியில் காமன் கூத்து நடக்கும்போது, எரிந்துபோன காமனுக்காக ரதி அழுதால் தோட்டமே சேர்ந்து அழும். அழுவதற்கு வெட்கப்படாத சனம் நாம். ஆனால் கருமாதி முடிந்து பந்தல் பிரித்ததும் எல்லோரும் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போய்விடுகிறார்கள். பதினான்காம் மாதத்தில் உங்களோடு உட்கார ஆளில்லை. குவாட்டர்ஸைக் காலி செய்ததற்கும், மகள் இல்லாத வீட்டுக்குத் திரும்புவதற்கும் நம்மிடம் சடங்கே கிடையாது. உங்களுக்கு மூன்று இழப்புகள். ஊர் அழுதது ஒன்றுக்குத்தான்.

துக்கம் நோயல்ல. பெரும்பாலானோர் சிகிச்சையில்லாமலே தேறிவிடுகிறார்கள். ஆனால் ஆறு மாதம் தாண்டியும், ஊர் வழக்கத்தை மீறியும் நீண்டு, அன்றாட வாழ்க்கையை முடக்கிவிடும் துயரை உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய நோய்ப் பட்டியல் தனியாகவே குறிக்கிறது. நான் மருத்துவர் அல்ல. உங்களுடையது அதுதானா என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர்கள் மருத்துவர்கள்தான். ஆனால் சங்குச் சத்தத்தையும் ஒரு ரோட்டையும் ஒதுக்கி 14 மாதம் வாழ்ந்திருக்கிறீர்களே, அதை லேசாக எடுக்க எனக்கு மனமில்லை.

அங்கே என்ன நடக்கும்? இதற்கென்றே அமெரிக்க மனநல மருத்துவர் கேத்தரின் ஷியர் வகுத்த முறை 16 அமர்வுகள் கொண்டது. சாவுச் செய்தி வந்த நேரத்தைக் கண்ணை மூடி, நிகழ்ந்தபடியே சொல்லச் சொல்வார்கள். அதைப் பதிவு செய்து வீட்டில் கேட்கச் சொல்வதும் உண்டு. கேட்கவே கொடுமையாக இருக்கிறது, தெரியும். ஆனால் கூடவே ஒருவர் இருக்கிறார், இடையில் நிறுத்தலாம். ஒதுக்கி வைத்த இடங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிப் போவதும் அதில் சேரும். 2005இல் வெளியான ஆய்வில் இந்த முறையில் 51 வீதத்தினர் தேறினார்கள். வேறொரு பேச்சுச் சிகிச்சையில் அது 28 வீதம். எல்லோருக்கும் பலிக்கும் என்று நான் சொல்லவில்லை. 'மாத்திரை கொடுத்துத் தூங்க வைப்பார்கள்' என்று பயங்காட்டுவோருக்கு ஒரு பதில்: மனச்சோர்வு மாத்திரை சோர்வைக் குறைக்கலாம், இந்தத் துயரையே தணிப்பதாக ஷியருடைய 2016 ஆய்வில் தெரியவில்லை. பேச்சுத்தான் பிரதான சிகிச்சை.

இன்னொன்று. மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷுட் என்ற இரு உளவியலாளர்கள் 1999இல் எழுதியதை நான் முழுமனதோடு நம்புகிறேன்: துயரப்படுபவர் இழப்பின் பக்கமும் புது வாழ்க்கையின் பக்கமும் மாறி மாறிப் போய்வர வேண்டும். ஒரு நாள் அழுகை, மறுநாள் ஈ.பி.எப். படிவம். அதை நிரப்பினால் அவரை மறந்ததாகாது. தனியாக முடியாவிட்டால் மகள் லீவில் வரும்போது பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள்.

ஆஸ்பத்திரியில் தமிழில் பேசுபவர் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். 1987 முதல் இலங்கையில் தமிழும் அரசகரும மொழி. தெரிந்த அட்டெண்டன்டை மொழிபெயர்க்க வைத்தால் மறுத்துவிடுங்கள். நீங்கள் சொல்வது மறுநாள் பாடசாலைக்கு வந்துசேரும் என்ற பயம் இருந்தால் வாய் திறக்காது. பல பிரதேச செயலகங்களிலும் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், அங்கும் விசாரியுங்கள்.

'நானும் போயிருக்கலாம்' என்று எழுதிய வரியை முதல் நாளே, ஒரு சொல் குறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாதது அதுதான். அந்த எண்ணம் கூடினால் கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்காதீர்கள், மகளை எழுப்புங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி எண்ணை நடுச்சாமத்திலும் அழைக்கலாம்.