சேலையில் இரண்டு துளை: பெட்டிக்காரர் பொறுப்பா?

கேள்வி: மருதமுனையில் நெசவாளரிடம் கைத்தறிச் சேலைகள் வாங்கிக் கொழும்புக் கடையொன்றுக்கு அனுப்பி வருகிறேன். கல்முனையில் ஒருவரிடம் அடிப்பக்கம் கம்பிப் பின் அடித்த 60 காட்போட் பெட்டிகள், ஒன்று 300 ரூபாப்படி வாங்கினேன். பாதிப் பணம் கொடுத்துவிட்டேன். லொறியிலிருந்து இறக்கி அப்படியே அடுக்கி வைத்தேன், உள்ளே பார்க்கவில்லை. பின் முனைகள் குத்தி 15 சேலைகள் பழுதாகிவிட்டதாகச் செவ்வாய்க்கிழமை கடையிலிருந்து சொன்னார்கள். வியாழக்கிழமை போன பொதியிலும் 8 பழுது. சேலை ஒன்று 4,000 ரூபா. முழுப் பில்லையும் கடைக்காரர் நிறுத்தி வைத்திருக்கிறார். பெட்டிக்காரரோ, “விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது என்று பில்லில் இருக்கிறது” என்று சொல்லி மீதிப் பணத்துக்கு நெருக்குகிறார். ஒரு பின்னும், துளைபட்ட சேலைத் துண்டும், வட்ஸ்அப் செய்திகளின் பிரதியும் அனுப்பியுள்ளேன்.

பதில்: முதலில் அந்தப் பின்னை அளவுகோலில் வைத்துப் பார்த்தேன். முதுகு 35 மில்லிமீற்றர், கால் 18 மில்லிமீற்றர். அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக மடியும் இரண்டு மட்டையும் சேர்ந்து 6 மில்லிமீற்றர்தான் இருக்கும். மீதி 12 மில்லிமீற்றர் உள்ளே வளைந்து மட்டையைக் கவ்வியிருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய பின்னில் ஒரு கால் வளைந்திருக்கிறது, மற்றது ஆணிபோல் நிமிர்ந்து நிற்கிறது. பின் அடிக்கும் இயந்திரத்தில் கால்களை வளைக்கும் அடிக்கட்டை தேய்ந்திருந்தால் இப்படித்தான் வரும். சேலைத் துண்டைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஒரு துளை பெரியது, மற்றது ஊசிக்குத்துப்போல் சிறியது. இரண்டுக்கும் இடையே 35 மில்லிமீற்றர். பெரியதைச் சுற்றி மெல்லிய துருக்கறை. பின்னுக்குச் செம்புப் பூச்சு உண்டு, ஆனால் கம்பியை வெட்டிய முனையில் பூச்சு இல்லை. கடற்காற்றில் முதலில் துருப்பிடிப்பது அந்த முனைதான். “தறியிலேயே வந்த பழுது” என்று நாளை பெட்டிக்காரர் சொன்னால், இந்த அளவும் கறையும் அவருக்குப் பதில் சொல்லும்.

இனிச் சட்டம். 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின் 15ஆம் பிரிவுதான் உங்களுக்குக் கைகொடுப்பது. பொதுவில், வாங்குபவர் தானே பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதே அந்தச் சட்டத்தின் போக்கு. ஆனால் பொருள் எதற்கு என்பதை விற்பவரிடம் தெரிவித்து, அவருடைய தொழிலறிவை நம்பி வாங்கியிருந்தால், அது அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும் என்ற நிபந்தனை யாரும் எழுதாமலே ஒப்பந்தத்துக்குள் வந்துவிடும். “சேலை வைக்க, அடி மழமழப்பாக இருக்க வேண்டும்” என்று வட்ஸ்அப்பில் படத்துடன் அவரிடம் கேட்டிருக்கிறீர்கள். “அதற்கேற்ற மாதிரி அடித்துத் தருகிறேன்” என்று அவர் பதில் போட்டிருக்கிறார். உங்கள் வழக்கே அந்த ஒரு வரிதான். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டத்தின்படி அந்தச் செய்தியைச் சான்றாக முன்வைக்கலாம். கைத்தொலைபேசியை மாற்றுவதாயிருந்தால் பழையதை விற்றுவிடாதீர்கள்.

பில்லில் உள்ள வரியை நினைத்துக் கலங்க வேண்டாம். பேரம் முடிந்த பிறகு கையில் தந்த தாளில் அச்சிட்ட நிபந்தனை, முன்பே முடிந்த ஒப்பந்தத்துக்குள் தானாக நுழைந்துவிடாது. அதோடு நீங்கள் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. பெட்டிகளைப் பாவித்த பிறகு திருப்பிக் கொடுக்கும் உரிமை போய்விடுகிறது, நட்டஈடு கேட்கும் உரிமை நிற்கிறது. அந்த நட்டத்தை மீதி விலையில் கழிக்கவும் சட்டம் இடம் தருகிறது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை முறைப்பாடு வந்த பிறகும் வியாழக்கிழமை அதே பெட்டிகளில் அனுப்பியிருக்கிறீர்கள். உள்ளே கையை விட்டு ஒருதடவை தடவியிருந்தாலே போதும். அந்த 8 சேலைகளின் நட்டத்தை யார் தலையிலும் கட்ட முடியாது. கேட்டால் நியாயமான 15க்கும் மதிப்புக் குறையும். அந்த 15இன் விலை 60,000 ரூபா. பழுதுச் சேலையாக 1,500 ரூபாவுக்குப் போகுமென்றால் 22,500 ரூபாவைக் கழியுங்கள், 37,500 வரும். பெட்டி விலையில் நீங்கள் கொடுக்க வேண்டிய மீதி 9,000ஐயும் கழித்தால், அவர் உங்களுக்குத் தர வேண்டியது 28,500 ரூபா.

கொழும்புக் கடைக்காரர் விடயத்தில் இதே சட்டம் உங்களுக்கு எதிராகத் திரும்புகிறது. அங்கே விற்பவர் நீங்கள். 23 சேலைகளின் பணத்தை அவர் பிடித்துக்கொள்ளலாம். நல்ல சேலைகளுக்கான பணத்தை நிறுத்த அவருக்கு உரிமையில்லை என்று எழுத்தில் கேளுங்கள்.

நேரே கல்முனை மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக முடியாது. இந்த அளவு தொகைப் பிணக்கு முதலில் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும். இணக்கம் ஏற்படவில்லை என்று சபை சான்றிதழ் தந்தால்தான் வழக்கு. சபையில் சட்டத்தரணி உங்களுக்காகப் பேச முடியாது, அது நல்லதுதான். 28,500 ரூபாவுக்கு வழக்காடினால் என் போன்றவர்களுக்குத்தான் இலாபம். பாவிக்காத பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய், சபையில் இருப்பவர்களை உள்ளே தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

எழுதிக் கையொப்பமிடாத ஒப்பந்தத்துக்கு வழக்குக் காலம் 3 வருடம். விற்ற பொருளின் விலையைக் கேட்கப் பெட்டிக்காரருக்கு இருப்பது 1 வருடம் மட்டுமே. அந்த வருடம் முடியுமுன் அவர்தான் அவசரப்படுவார், நீங்கள் அவசரப்பட்டு 9,000ஐக் கொடுத்துவிடாதீர்கள்.

பின்னையும் சேலைத் துண்டையும் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்புகிறேன். துடைக்காமல், கழுவாமல் அந்த உறையிலேயே வைத்திருங்கள்.